பொணத்தை எங்க வைக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறவங்க

கொஞ்ச நாளா எனக்கு ஒரு கடுப்பு. தமிழ்ல க்ரைம் சீரிஸ்னு எதைத் திறந்தாலும் ஏன் எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே இருக்காங்க?

'நவம்பர் ஸ்டோரி' (2021). ரத்தம், பெயிண்ட், ஞாபகம் தப்பிப்போன அப்பா. 'சுழல்' (2022). பொண்ணு காணாமப் போறா. 'வதந்தி' (2022). பொண்ணு செத்துக் கெடக்குறா, எஸ்.ஜே. சூர்யா தூங்காம அலையுறாரு. எதுவும் மோசம் இல்ல. 'சுழல்'ல அந்த மயானக்கொள்ளைத் திருவிழாவை எடுத்த விதத்துக்கே எழுந்து நின்னு கைதட்டலாம்.

ஆனா ஒருத்தர்கூட சிரிக்க மாட்டேங்குறாங்களே! டீக்கடையில நிக்கிற பொலிஸ்காரர் சும்மா ஒரு நக்கல் அடிக்க மாட்டாரா? பொணத்தைப் பார்க்க வந்த கூட்டத்துல ஒரு கிழவி "இவனுக்கு இது வேணும்"னு முணுமுணுக்க மாட்டாளா? நெசத்துல அப்படித்தானே நடக்குது?

அதோட அந்த மழை. எல்லா சீரிஸ்லயும் மழை. நான் இருக்கிறது இலங்கையில, கண்டிப் பக்கம் பிலிமத்தலாவையில. கடுகண்ணாவைப் பக்கம் இருந்து மேகம் இறங்குச்சுன்னா கொடியில போட்ட துணி மூணு நாளைக்குக் காயாது. நாள் பூரா ஈரத்துணியோட மல்லுக்கட்டிட்டு, ராத்திரி டீவியிலயும் மழையைப் பார்க்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?

அப்படி சலிச்சுப் போயிருந்தப்போ கையில மாட்டினதுதான் 'கில்லர் சூப்'.

நெட்ஃபிளிக்ஸ்ல 2024 ஜனவரியில வந்தது. எட்டு எபிசோட். அபிஷேக் சௌபே இயக்கம் ('உட்தா பஞ்சாப்' எடுத்தவர்). ஹிந்தி சீரிஸ்தான். ஆனா கதை நடக்கிறது மைஞ்சூர்னு தமிழ்நாட்டுல இருக்கிறதா சொல்ற ஒரு மலை ஊர்ல. கூகுள் மேப்ல தேடாதீங்க, கற்பனை ஊர்.

கதையை ரொம்பச் சொல்ல மாட்டேன், தொடக்கத்தை மட்டும் சொல்றேன். சுவாதின்னு ஒரு பொண்டாட்டி (கொங்கணா சென் சர்மா). சொந்தமா ரெஸ்டோரண்ட் போடணும்னு அவளுக்கு ஆசை. அவளோட பெருமை, அவ வைக்கிற பாயா சூப்பு. பிரச்சினை என்னன்னா, அந்த சூப்பு வாயில வைக்க வழங்காது. புருஷன் பிரபாகர் ஷெட்டி (மனோஜ் பாஜ்பாய்) ஊர்ல பெரிய கை, ஆனா உள்ளுக்குள்ள எல்லாம் ஓட்டை. சுவாதிக்கு ஒரு கள்ளக்காதலன், உமேஷ் பிள்ளை. அவரும் மனோஜ் பாஜ்பாய்! ஒரு கண்ணு மட்டும் கொஞ்சம் ஒண்ணரை. புருஷன் ஒரு ராத்திரி போய்ச் சேர்ந்துடுறாரு. அதே மூஞ்சியோட ஒரு ஆள் ரெடியா நிக்கிறாரு. அப்புறம் என்ன, இவனைப் புருஷனாக்கிட்டா முடிஞ்சது.

முடியுமா? அதுதான் எட்டு எபிசோட்.

இந்த ரெண்டு பேருக்கும் கொலைகாரங்களுக்கு இருக்க வேண்டிய ஒரு தகுதியும் கிடையாது. திட்டம் கிடையாது. நிதானம் கிடையாது. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய், அதை மூட இன்னொரு ஆள். நடுவுல சமையல் வகுப்புக்கு வேற போகணும். என் வீட்டுக்காரர் ஒரு கட்டத்துல எழும்பி நின்னு, "இவங்களுக்கு நம்மளே ஐடியா குடுத்துடலாம் போல இருக்கே"ன்னாரு. (நான் அன்னைக்கு ராத்திரி அவரைக் கொஞ்சம் கவனமாத்தான் பார்த்தேன்.)

சரி, இதை எங்க வீட்டுல எப்படிப் பார்த்தோம்ங்கிறது தனிக் கதை.

முதல்ல ஹிந்தி ஒலி, இங்கிலீஷ் எழுத்து. அம்மா, "நான் என்ன சோதனை எழுதவா வந்தேன்?"னு எழும்பிப் போயிட்டாங்க. அடுத்து தமிழ் டப்பிங். எல்லாருக்கும் புரிஞ்சுது, ஆனா ருசி போச்சு. ஏன்னா மூலத்துல இந்த ஊர்க்காரங்க தங்களுக்குள்ள தமிழ்ல பேசிக்குவாங்க, ஷெட்டி குடும்பத்துக்கிட்ட ஹிந்திக்கு மாறுவாங்க. யாரு யாருக்கிட்ட எந்த பாஷையில பேசுறாங்கங்கிறதுலயே பாதி நக்கல் இருக்கு. டப்பிங்ல எல்லாரும் ஒரே தமிழ். இந்தப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இந்த வித்தியாசத்தை வெளக்கவே தேவையில்ல. டவுன்ல பார்மசிக்காரர்கிட்ட சிங்களம், பக்கத்துலயே நிக்கிற அக்காகிட்ட தமிழ், ரெண்டு பேருக்கும் தெரியக்கூடாத விஷயம்னா வீட்டுக்காரர் காதுல இங்கிலீஷ். நம்ம எல்லாம் இப்படித்தானே சாமான் வாங்குறோம்?

கடைசியில வழி காட்டுனது பக்கத்து வீட்டு நெந்தா (சிங்களத்துல மாமி). அவங்க ஹிந்திப் படம் பார்த்தே வளர்ந்த ஆள். ஹிந்தி ஒலியை வெச்சோம். நெந்தா அதைக் கேட்டு சிங்களத்துல சொல்லுவாங்க. அம்மா அதைக் கேட்டு எனக்கும் என் அண்ணன் மகளுக்கும் தமிழ்ல சொல்லுவாங்க. (எங்களுக்கு எழுத்தும் தெரியும், சிங்களமும் தெரியும். ஆனா அம்மா சொல்றதுல தனி சுவாரஸ்யம்.) ஸ்க்ரீன்ல சுவாதி "நான் யோசிக்கணும்"னு ஒரு வரி சொன்னா, அது நெந்தா வாயில "இவளுக்குப் பயம் வந்துட்டுது"ன்னு மாறி, அம்மாக்கிட்ட வரும்போது "இந்த மூதேவி அடுத்து அந்த மச்சானையும் முடிக்கப் போறா" ஆயிடும். ரெண்டு எபிசோட் தள்ளிப் பார்த்தா அம்மா சொன்னதுதான் கதைக்குக் கிட்ட இருக்கும்!

அந்த மச்சான் யாருன்னா அரவிந்த் ஷெட்டி. சாயாஜி ஷிண்டே. ஞான ராஜசேகரனோட 'பாரதி' படத்துல (2000) பாரதியாரா நடிச்ச அதே மனுஷன். அம்மாவுக்கு இன்னைக்கும் அவர்தான் பாரதியார். "பாரதியாரைப் போய் இப்படி ஆக்கி வெச்சிருக்கானுங்களே"ன்னு ஒரே பொலம்பல்.

ஆனா எங்க வீட்டு ஓட்டு முழுக்க நாசருக்கு. இன்ஸ்பெக்டர் ஹசன். ரிட்டயர் ஆகப்போற நேரம். கேஸை நோண்டணும்னு ஒரு ஆர்வமும் இல்ல, மூட்டையைக் கட்டிட்டுப் போனா போதும். அவருக்குக் கீழ துப்பல்லின்னு ஒரு இளந்தாரி. அந்தப் பையனுக்குத்தான் எல்லாத்துலயும் சந்தேகம். அந்தப் பையன் இறந்துபோறான். அதுக்கப்புறமும் ஹசன் கண்ணு முன்னாடி வந்து வந்து நிக்கிறான். பேய்க்கதை ஆக்காம, அழுகாச்சி ஆக்காம, சிரிப்பும் சங்கடமும் கலந்து நாசர் அதைத் தாங்குறாரு பாருங்க.

நாசரைப் பார்த்ததும்தான் எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. இந்த வகைக் கதையில இவர் பழைய ஆளு.

'மகளிர் மட்டும்' ஞாபகம் இருக்கா? 1994. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கமல் தயாரிப்பு, கிரேஸி மோகன் வசனம். ரேவதி, ஊர்வசி, ரோகிணி. அவங்களைப் படுத்தி எடுக்கிற மேனேஜரா நாசர். மேனேஜருக்கு விஷம் வெச்சுட்டோம்னு நெனச்சு மூணு பேரும் பயந்து, ஆஸ்பத்திரியில இருந்து வேற யாரோட பொணத்தையோ தள்ளிட்டு வந்துடுவாங்க. அந்தப் பொணம் நாகேஷ்! படத்துல அவருக்கு வசனமே இல்ல. உயிரோட இருக்கிற மூணு நடிகைங்க மூச்சு வாங்க நடிக்கிறாங்க, நாகேஷ் செத்துக் கெடந்தே அவங்களுக்குச் சமமா நிக்கிறாரு. (இங்கிலீஷ்ல 1980இல வந்த 'நைன் டு ஃபைவ்' படத்தோட சாயல்தான். ஆனா அங்க நாகேஷ் கிடையாதே.)

அந்தக் காட்சியில நம்ம யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? செத்தவரைப் பார்த்து இல்ல. செத்தவரை வெச்சுக்கிட்டு எங்க போறதுன்னு தெரியாம முழிக்கிற மூணு பேரைப் பார்த்து. ஒருத்தி சேலையைச் சரி பண்ணுறா, ஒருத்தி சாமி கும்பிடுறா, யாராச்சும் எதிர்ல வந்தா மூணு பேரும் ஈன்னு சிரிக்கிறாங்க. க்ரைம் காமெடின்னா எனக்கு அதுதான். கொலை பெருசு, அதைப் பண்ணுனவங்க சின்ன ஆளுங்க. அவங்க மூளையில கொலைக்குப் பக்கத்துலயே நாளைக்குப் பால் வாங்கணும்ங்கிற கவலையும் ஓடும்.

இதை நம்மாளுங்களுக்குச் செய்யத் தெரியாதுன்னு யாராச்சும் சொன்னா நான் சண்டைக்கு வருவேன். 1942இலயே ஆனந்த விகடன்ல தேவன் 'துப்பறியும் சாம்பு' எழுதிட்டாரு. பேங்க்ல கிளார்க்கா இருந்து, முட்டாள்னு பேரெடுத்து, வேலை போன ஒரு மனுஷன். அவர் பாட்டுக்கு எதையாச்சும் தப்பாச் செய்வாரு, அது கரெக்டா திருடன் மேல போய் விழும். இன்ஸ்பெக்டர் கோபாலன் வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பாரு. உலகம் பூரா அபார மூளைக்கார துப்பறிவாளனை எழுதிக்கிட்டு இருந்தப்போ, இவர் மூளையே இல்லாத ஒருத்தரை வெச்சு ஜெயிச்சாரு. பின்னாடி காத்தாடி ராமமூர்த்தி சாம்புவா நடிச்சு டீவி தொடராவும் வந்துச்சு. தேவன் 1957இல, 43 வயசுலயே போயிட்டாரு. அதுதான் வயித்தெரிச்சல்.

அடுத்து 'அபூர்வ சகோதரர்கள்' (1989). ஜனகராஜ் இன்ஸ்பெக்டர், ஆர்.எஸ். சிவாஜி கான்ஸ்டபிள். இன்ஸ்பெக்டர் ஒரு கேனத்தனமான தியரி சொல்லுவாரு, கான்ஸ்டபிள் "எங்கயோ போயிட்டீங்க"ன்னு உருகுவாரு. இதே ஜோடி நாலு வருஷம் முன்னாடி தூர்தர்ஷன்ல வந்துடுச்சு. 'கரம்சந்த்' (1985). பங்கஜ் கபூர் கேரட்டைக் கடிச்சுக்கிட்டே கேஸ் பார்ப்பாரு, உதவியாளர் கிட்டி (சுஷ்மிதா முகர்ஜி) அவரை ஜீனியஸ்னு புகழுவா, அவர் வாயை மூடுன்னு அதட்டுவாரு. ஒரே வித்தியாசம், கரம்சந்த் நெசமாவே கெட்டிக்காரர். எனக்கு ஜனகராஜ்தான் பிடிக்கும். கெட்டிக்காரரைப் புகழுறதுல என்ன சிரிப்பு இருக்கு?

அமெரிக்காவுல 'கொலம்போ' இருந்துச்சு. 1971இல ஆரம்பிச்ச தொடர்ல முதல் எபிசோட் எடுத்தது ஸ்பீல்பெர்க், அப்போ அவர் சின்னப் பையன். யாரு கொன்னான்னு முதல்லயே காட்டிடுவாங்க. அப்புறம் கசங்குன கோட்டோட பீட்டர் ஃபால்க் வந்து, போறேன் போறேன்னு வாசல் வரைக்கும் போயிட்டு, திரும்ப வந்து ஒரு கேள்வி கேட்பாரு. 'கில்லர் சூப்'பும் இந்த ஜாதிதான். யாருன்னு தெரியும். எப்ப மாட்டுவாங்கன்னுதான் தெரியாது. ஆனா கொலம்போ எதிர்ல நிக்கிறவன் பணக்காரன், படிச்சவன், திமிர் பிடிச்சவன். சுவாதி எதிர்ல நிக்கிறது அவ சூப்பேதான்.

இப்ப கொஞ்சம் சங்கடமான எடம்.

இந்தக் கதைக்கு ஒரு நெச வேர் இருக்கு. 2017 நவம்பர் கடைசியில, தெலங்கானாவுல நாகர்கர்னூல். ஒரு பொண்ணு காதலனோட சேர்ந்து புருஷனைக் கொன்னதா வழக்கு. காதலன் மூஞ்சியை எரிச்சு, இதுதான் என் புருஷன், யாரோ ஆசிட் ஊத்திட்டாங்கன்னு ஹைதராபாத்ல ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. புருஷனோட குடும்பமே செலவு பண்ணி வைத்தியம் பார்க்குது. 'எவடு'ங்கிற தெலுங்குப் படத்தைப் பார்த்து வந்த யோசனைன்னு அப்போ பத்திரிகையெல்லாம் எழுதுனாங்க. (அந்தப் படத்துல எரிஞ்ச மூஞ்சிக்குப் பதிலா பிளாஸ்டிக் சர்ஜரியில புது மூஞ்சி வரும். சினிமாவுல.) அங்க நோயாளிக்கு மட்டன் சூப்பு குடுத்திருக்காங்க. அவர், நான் சைவம், வேணாம்னுட்டாரு. வீட்டு ஆளுங்களுக்கு சுருக்குன்னு பட்டிருக்கு, நம்ம புள்ள மட்டன் சாப்பிடுமே! அப்புறம் பொலிஸ் வந்து ஆதார் கைரேகையை வெச்சுப் பார்த்து உறுதி பண்ணிட்டாங்க.

இதை எந்த எழுத்தாளர் எழுதியிருந்தாலும் "ரொம்ப ஓவர்"னு திருப்பி அனுப்பியிருப்பாங்க.

ஆனா அங்க ஒரு மனுஷன் நெசமாவே செத்திருக்கான். அந்த அம்மா அப்பா, மகன்னு நம்பி யாரோ ஒருத்தனுக்கு வைத்தியம் பார்த்திருக்காங்க. அதை நெனச்சா எனக்குச் சிரிப்பு வரல. சீரிஸ் எடுத்தவங்க இங்க உஷாரா இருந்திருக்காங்கன்னுதான் சொல்லணும். ஊரை மாத்தி, ஆளுங்களை மாத்தி, குடும்பத்தை மாத்தி, செத்த புருஷனையே ஒரு கில்லாடிப் பேர்வழியா ஆக்கி, நம்ம சிரிக்கிறதுக்கு ஒரு எடம் ஒதுக்கிக் குடுத்திருக்காங்க. இதை அப்படியே 'உண்மைச் சம்பவம்'னு போட்டு, பெத்தவங்க அழுறதையும் காட்டி, நடுவுல ஜோக்கும் வெச்சிருந்தா நான் டீவியை நிப்பாட்டியிருப்பேன்.

குறை இல்லாம இல்ல. அஞ்சாவது எபிசோடுக்கு மேல கை மீறிப் போயிடுச்சு. ஆள் ஆளாச் செத்தா பொணத்துக்கு மரியாதை எங்க இருக்கும்? நாகேஷ் ஒரே ஆள், ரெண்டு மணி நேரப் படத்தையே தூக்கி நிறுத்துனாரு. இங்க கூட்டம் சேர்ந்துடுச்சு. ப்ளாக்மெயில் பண்ண ஒருத்தர், அவரைப் பின்தொடர ஒருத்தர், மலையாளத்து லால் வேற ஒரு பக்கம். அம்மா கடைசி ரெண்டு எபிசோடுக்கு வரவே இல்ல. "செத்தவனுங்க பேரே ஞாபகம் இல்ல, உசுரோட இருக்கிறவனை வேற ஞாபகம் வெச்சுக்கணுமா"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க. ஆறு எபிசோட்ல முடிச்சிருக்கலாம். ஓடிடி எழுத்தாளர்கள் எல்லாருக்கும் இந்த வியாதி இருக்கு.

பார்த்து முடிச்சதும் எனக்கு ஒரு கிறுக்கு. ஆட்டுக்கால் சூப்பு வைக்கணும்.

(சைவக்காரங்க அடுத்த பத்தியைத் தாண்டிப் போங்க.)

கால் வாங்குனா சுட்டு, சுரண்டி, கழுவுறதுலயே பாதி நாள் போயிடும். கடைக்காரர்கிட்டயே வாட்டித் தரச் சொல்லிட்டேன். முதல் தடவை குக்கர்ல போட்டு விசில் விசிலா விட்டேன். எலும்பு வெந்துச்சு, சாறு வெறும் தண்ணி. அடுத்த தடவை அம்மா குக்கரை ஒளிச்சு வெச்சுட்டு, பெரிய சட்டியில மஞ்சள் போட்டு, சின்ன அடுப்புத் தீயில ஒரு மத்தியானம் பூரா கெடக்க விட்டாங்க. அப்புறம்தான் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், கொத்தமல்லி தட்டிப் போட்டது. உதடு ஒட்டுற பதம் வந்துச்சு. நெந்தாவுக்கு ஒரு கோப்பை குடுத்தனுப்பினேன். வாங்கிட்டு, அண்ணன் மகளைப் பார்த்து, "முதல்ல மாமாவைக் குடிக்கச் சொல்லு, நான் அரை மணி நேரம் கழிச்சுக் குடிக்கிறேன்"னு சொல்லி அனுப்பிட்டாங்க!

இப்ப என் நியாயமான கேள்வி. மலை ஊர், சின்ன டவுன், ரெண்டு மூணு பாஷை, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இது மைஞ்சூர்ல மட்டுமா இருக்கு?

எங்க ஊரைப் பாருங்க. கொழும்பு-கண்டி ரோட்டுல ரெண்டு பக்கமும் பித்தளைக் கடை. குத்துவிளக்கு, தட்டு, யானை. கடலாதெனிய விகாரைக்குத் திரும்புற சந்தியில திரீவீல் பார்க். அங்க நிக்கிற அண்ணமாருக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒரு பூனை குட்டி போட முடியாது. இங்க எவனாச்சும் ஒரு பொணத்தை ஒளிக்க முடியுமா சொல்லுங்க? சாக்கு மூட்டையோட ரோட்டுக்கு வந்த உடனே ஒருத்தர், "என்னா தங்கச்சி, தேங்காயா? எவ்வளவுக்கு வாங்குனீங்க?"ம்பாரு. பஸ்ல ஏத்துனா கொண்டக்டர் லக்கேஜுக்குத் தனி டிக்கெட் கேட்பாரு. ஸ்டேஷனுக்குப் போனா கோச்சி லேட்டு.

அதனால கொலை வேணாம். என் சீரிஸ்ல ஒரு ஆள் உயர குத்துவிளக்கு காணாமப் போகுது. பித்தளை, நல்ல வெயிட்டு, ரெண்டு பேர் இல்லாமத் தூக்க முடியாது. ஒரு கல்யாண வீட்டுக்குன்னு வாங்கி வெச்சது, விடிஞ்சா கல்யாணம். பொலிஸ்ல சொன்னா மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சுடும், சொல்லாட்டி விளக்கு இல்ல. விசாரிக்கிறது ஒரு பெரியம்மா. தமிழ்ல சந்தேகப்படுவாங்க, சிங்களத்துல சமாளிப்பாங்க. பார்மசி வாசல்ல ஒரு கேமரா இருக்கு, ஆனா அது ரொம்ப நாளா மாமரத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கு. ஆறே எபிசோட். மழை ஒரு எபிசோட்ல மட்டும், அதுவும் துணி எடுக்க ஓடுறதுக்கு.

அம்மாகிட்ட கதையைச் சொன்னேன். விளக்கை எடுத்தது யாருன்னு ரெண்டாவது நிமிஷமே சொல்லிட்டாங்க. அது கரெக்ட் வேற. மாத்திக்கிட்டு இருக்கேன்.

யாராச்சும் தயாரிப்பாளர் இதைப் படிச்சா கோல் எடுங்க. எங்க வீட்டு விளக்கையே ஷூட்டிங்குக்குத் தர்றேன். ரசீது போட்டுத் தரணும், முடிஞ்சதும் புளி போட்டுத் தேய்ச்சுத் திருப்பித் தரணும்.